தோளில் தொங்கும் உப்புத்தாள்

போன வெள்ளிக்கிழமை நயினார்கோவிலில் நாகநாதரைக் கும்பிட்டுவிட்டு வண்டியில் ஏறிய என் சின்ன மாமனார், முன்சீட்டில் உட்கார்ந்த கையோடு, "மாப்ளே, மீட்டரே தெரியலயே, இம்புட்டுத் தூசியோடவா ஓட்டுறீங்க?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் தோளில் கிடந்த துண்டு ஸ்டீயரிங் இடுக்கில் நுழைந்து பரக் பரக்கென்று நாலு இழுப்பு இழுத்துவிட்டது. இப்போது வெயில் சாய்ந்து விழுந்தால் மீட்டர் முழுக்க வட்டம் வட்டமாகக் கீறல். மாமனார் முறை, என்ன சொல்வது? "ரொம்ப சந்தோசம் மாமா" என்றேன். அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை.

இந்த மீட்டர் கண்ணாடியைக் கெடுக்காமல் துடைப்பது எப்படி என்று சொல்லத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் துண்டைப் பற்றிக் கொஞ்சம் பேசியாக வேண்டும்.

நம் பக்கத்தில் ஒரு துண்டு பார்க்கும் உத்தியோகத்தை வேறு எந்தத் துணியும் பார்ப்பதில்லை. விடிந்ததும் ஊருணியில் தலை துவட்டும். டீக்கடை பெஞ்சைத் தட்டும். வயலில் உருமா, வரப்பில் விசிறி. பரமக்குடி பஸ்ஸில் ஜன்னல் வழியாகப் பாய்ந்து சீட்டுப் பிடிக்கும். அது கிடக்கிற இடத்தில் உட்கார இதுவரை எந்த வீரனும் துணிந்ததில்லை. மாட்டுச் சந்தையில் இரண்டு பேர் விரல் பிடித்து விலை பேசும்போது மேலே மூடிக்கொள்ளும். மிளகாய் காயும் களத்தில் படுக்கையாகும். எழுந்ததும் உதறாமலே தோளுக்குத் திரும்பும். பேரனுக்கு மூக்கு ஒழுகினாலும் அதுதான், பந்தியில் கை கழுவி வந்தாலும் அதுதான். சன்னிதியில் இடுப்புக்கு இறங்கும், பெரிய மனிதர் எதிரே வந்தால் கக்கத்துக்குப் போகும், துக்க வீட்டில் வாயைப் பொத்தும். மச்சான் கோபித்துக்கொண்டு கிளம்பினால் முதலில் கிளம்புவது துண்டு, பிறகுதான் மச்சான். இத்தனையும் முடித்துவிட்டு, கொஞ்சம் ஓய்வு கிடைத்தால் என் காருக்குள் வருகிறது.

வருவது துணி மட்டுமா? காலையிலிருந்து சேர்த்த மண்ணும் மணலும் கூடவே வருகின்றன. 1812-இல் ஃபிரெடரிக் மோஸ் என்ற ஜெர்மன்காரர் கனிமங்களுக்குக் கடினத்தன்மை வரிசை போட்டார். அதில் மணலில் உள்ள குவார்ட்ஸுக்கு 7. நம் நகம் 2.5 சுமாருக்கு நிற்கும். மீட்டரை மூடியிருப்பது கண்ணாடியே அல்ல. அக்ரிலிக் அல்லது பாலிகார்பனேட். பின்னதை 1953-இல் ஜெர்மனியில் ஹெர்மன் ஷ்னெல்லும் அமெரிக்காவில் டேனியல் ஃபாக்ஸும் தனித்தனியாகக் கண்டுபிடித்தார்கள். சுத்தியலுக்குக்கூடச் சட்டென்று உடையாது, மணலுக்கு உடனே கீறிக்கொள்ளும். அவர்கள் இருவருமே ராமநாதபுரம் மாவட்டத்துத் துண்டைப் பார்த்திருக்க நியாயமில்லை.

மாமா துடைத்த வேகத்தில் இன்னொரு கூத்தும் நடந்தது. நின்றிருந்த வண்டியில் முள் மெல்ல எழும்பி 20-ஐத் தொட்டது. காய்ந்த துணியால் பிளாஸ்டிக்கைத் தேய்த்தால் நிலைமின்சாரம் ஏறும், லேசான முள்ளை அது இழுக்கும். ஈரத்துணியால் ஒற்றினால் தானாக இறங்கிவிடும். மாமாவுக்கு இந்த விளக்கமெல்லாம் செல்லுமா? "நிக்கிற வண்டியே ஓடுதுங்குது. இதை யார் தலையிலயாச்சும் கட்டிருங்க மாப்ளே" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். வீட்டில் அதன் பேரில் இன்னும் ஆலோசனை நடக்கிறது.

மாமாவை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அரிக்கேன் விளக்குச் சிம்னியைச் சாம்பல் போட்டுத் துடைத்து வளர்ந்த தலைமுறை நாம். அது நிஜக் கண்ணாடி, தாங்கியது. ஆயுத பூஜையன்று மீட்டர் மேல் சந்தனப் பொட்டு வைத்து, காய்ந்தபின் நகத்தால் சுரண்டுகிறோம். வாட்டர் வாஷ் பையனோ டயரைத் தேய்த்த அதே துணியோடு உள்ளே குனிகிறான். கீறலைப் போக்கப் பற்பசை தடவச் சொல்கிறார் எதிர்வீட்டுக்காரர். பற்பசையிலும் தேய்க்கும் தூள்தான் இருக்கிறது. கீறல் மறையும், கூடவே மீட்டரும் மறையும். ஜன்னல் கண்ணாடிக்கு அடிக்கும் அமோனியா கலந்த நீலத் தண்ணீர், பெட்ரோல், தின்னர் மூன்றும் மோசம். முதல் நாள் பளபளக்கும், பிறகு பிளாஸ்டிக்குக்குள்ளேயே மயிரிழை வெடிப்பு விடும்.

முறை என்னவோ சின்னதுதான். வெயிலில் நின்ற வண்டியை முதலில் நிழலில் ஆறவிட வேண்டும். மென்மையான பிரஷ்ஷால் தூசியைத் தள்ள வேண்டும், அழுத்தக் கூடாது. தண்ணீரில் இரண்டு சொட்டு ஷாம்பு. தண்ணீரை மீட்டர் மேல் தெளித்தால் இடுக்கு வழியாக உள்ளே இறங்கும். ஆகவே துணியைத்தான் நனைக்க வேண்டும். சுத்தமான மைக்ரோஃபைபர் துணி, ஒரே திசையில், குழந்தை முகம் துடைப்பதுபோல. சுத்தத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த இன்னொரு துணியால் சோப்பை எடுத்து, ஈரத்தை ஒற்றிவிட்டால் தீர்ந்தது. இதை நான் எழுதி டேஷ்போர்டிலேயே ஒட்டி வைத்தேன். அந்தத் தாளில் தூசி படிந்திருக்கிறது என்று அதையும் ஒருவர் துண்டால் துடைத்துக் கிழித்துவிட்டார்.

ஆகவே என் வண்டியில் ஏறப்போகும் சொந்தபந்தங்களே, தூசி இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். எவ்வளவு வேகம் என்று தெரிய வேண்டுமானால் என்னைக் கேளுங்கள், சொல்கிறேன். ஆடும் மாடும் காயப்போட்ட நெல்லும் போக மிச்சமிருக்கும் நயினார்கோவில் ரோட்டில் 40-க்கு மேல் யாராலும் போக முடியாது.