துடைக்காத் துடைப்பான்: ஓர் இலக்கண ஆய்வு

'துடைக்காத் துடைப்பான்' என்பது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். 'துடைக்காத' என்பதன் ஈற்றுத் தகரம் கெட, வருகிற வல்லினம் மிகுந்தது. எட்டாம் வகுப்பில் 'ஓடாக் குதிரை'யைக் கட்டி இழுத்து இதை நடத்திய தமிழையா, இதனால் எனக்கு ஒரு நாள் பயன் விளையும் என்று நம்பியிருக்க மாட்டார். 16 வயதான என் ஹேட்ச்பேக் காரின் பின் வைப்பர் ஒரு கார்த்திகை மழையில் நின்றபோதுதான் எனக்குப் பொருள் விளங்கியது. வண்டியின் ஈறு கெட்டது. தகரமும் ஆங்காங்கே கெட்டிருந்தது. விளைவு எதிர்மறை. வைப்பர் என்ற பெயர் மட்டும் எஞ்சியதால் பெயரெச்சம். 'எச்சம் என்றது, வேப்பமரத்தடியில் நிறுத்திய வண்டியின் கண்ணாடிமேல் காக்கை இட்டதனை' என்பாரும் உளர். அதுவும் பொருந்தும்.

வைப்பர் வரலாறு எழுதியவர்கள் பெரும்பாலும் முன் கண்ணாடியோடு நின்றுவிட்டார்கள். அலபாமாவைச் சேர்ந்த மேரி ஆண்டர்சன், நியூயார்க்கில் டிராமில் போனபோது, பனி படிந்த கண்ணாடியோடு ஓட்டுநர் படும் பாட்டைப் பார்த்து ஒரு கருவியை யோசித்து, 1903இல் காப்புரிமை வாங்கினார். உள்ளிருந்து கைப்பிடியை ஆட்டினால் வெளியே ரப்பர் பட்டை துடைக்கும். மோட்டார் இல்லை, ஒயர் இல்லை, ஆகவே எலக்ட்ரீஷியன் இல்லை. அந்த அம்மையாருக்கு அதில் காசு எதுவும் வரவில்லை என்பது வருத்தம்தான். ஆனால் என் வருத்தம் வண்டியின் மறுபக்கத்தில் இருந்தது.

பின் கண்ணாடிக்குத் துடைப்பான் எதற்கு என்று கேட்பவர்கள் செடான் வைத்திருப்பவர்கள். செடானின் பின் கண்ணாடி சாய்ந்திருக்கும்; கூரையைத் தழுவி வரும் காற்று அதன்மேல் வழுக்கி இறங்கி மழைத்துளியைத் தள்ளிக்கொண்டு போகும். ஹேட்ச்பேக் அப்படியல்ல, கத்தியால் வெட்டினாற்போல முடியும். கூரை விளிம்பை விட்ட காற்று கண்ணாடிக்குத் திரும்புவதில்லை. வண்டியின் முதுகுக்குப் பின்னால் அழுத்தம் குறைந்த ஒரு குழி உண்டாகிறது. டயர் கிளப்பும் சேற்றுச் சாரல் அந்தக் குழிக்குள் இழுபட்டு, சுழன்று மேலேறி, கண்ணாடியில் அப்பிக்கொள்கிறது. செங்கல்பட்டு தாண்டி மழையில் பத்து நிமிடம் ஓட்டினால் போதும், பின்னால் வருவது லாரியா விதியா என்று தெரியாது. இதனால் பெறப்படுவது: முன் வைப்பர் துடைப்பது வானம் செய்த வினை. பின் வைப்பர் துடைப்பது நம் சக்கரமே செய்த வினை. முன்னது பிறவினை, பின்னது தன்வினை என்க.

நோய் முதல் நாடும் விஷயத்தில் மூன்று மதங்கள் உள்ளன. முதலாவது பியூஸ்வாதம். இதன் தலைமகன் மின்துறையில் ஓய்வுபெற்ற என் பக்கத்து வீட்டு மாமா. உலகில் எது நின்றாலும் பியூஸ்தான் என்பது அவர் சித்தாந்தம். ஸ்டியரிங்குக்குக் கீழே குனிந்து மூடியைத் திறந்து, 15 ஆம்பியர் பியூஸைப் பிடுங்கி வெளிச்சத்தில் பார்த்தோம். உள்ளே கம்பி முழுசாக இருந்தது. "நல்லாத்தான் இருக்கு. ஆனாலும் பியூஸ்தான்" என்றார் மாமா. இரண்டாவது மோட்டார்வாதம்: ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர்கள் எல்லாரும் இந்த மதம், காரணம் சொல்லத் தேவையில்லை. மூன்றாவது எர்த்வாதம். அதற்குப் பிறகு வருகிறேன்.

நம் அளவை நூலோர் காண்டல், கருதல், உரை என்று பிரித்தார்கள். உரைக்கு மேலே மாமா. காண்டலுக்கு இங்கே இடமில்லை, ஏனெனில் எல்லாம் டிக்கிக் கதவின் அட்டைக்குப் பின்னால். கருதல் ஒன்றே வழி. புகையைக் கண்டு நெருப்பைக் கருதுவது பழைய உதாரணம். டிக்கியில் புகையைக் கண்டால் கருதிக்கொண்டு நிற்காமல் பேட்டரியைக் கழற்றவும். மற்றபடி காதை வைத்துக் கேட்டால் போதும். ஸ்விட்சைப் போட்டதும் மோட்டார் சத்தம் வந்து கை அசையவில்லையா? கையைப் பிடித்திருக்கும் 10 மில்லிமீட்டர் நட்டு லூஸ், அல்லது அதற்கடியில் உள்ள பல் மழுங்கிவிட்டது. முக்கி முனகி பியூஸ் போகிறதா? தண்ணீர் இறங்கித் தண்டு துருப்பிடித்து இறுகிவிட்டது. எண்ணெய் விட்டு, கழற்றி, கிரீஸ் வைக்க வேண்டும். மூச்சே இல்லையா? மோட்டாரை ஸ்க்ரூடிரைவர் பிடியால் இரண்டு தட்டு தட்டலாம். உள்ளே கார்பன் ஒட்டிக்கொண்டிருந்தால் எழுந்து ஓடும். என் வைப்பர் மூச்சுவிடவில்லை, தட்டியும் எழவில்லை.

எலக்ட்ரீஷியன் அண்ணன் பின் சீட்டை மடக்கி, டிக்கிக்குள் பாதி உடம்பை நுழைத்துப் படுத்தார். கதவின் உள் அட்டையைக் கிளிப் கிளிப்பாகப் பிடுங்கினார், இரண்டு உடைந்தன. மோட்டார் சாக்கெட்டில் டெஸ்ட் லாம்பின் ஊசியை வைத்து, கிளிப்பை வண்டியின் உடம்பில் மாட்டினார். எரிந்தது. கிளிப்பை சாக்கெட்டின் கறுப்பு ஒயருக்கு மாற்றினார். எரியவில்லை.

"லைன் வருது சார். எர்த் வரல."

கூரைக்கும் டிக்கிக் கதவுக்கும் நடுவே, கீலுக்குப் பக்கத்தில், தும்பிக்கை போல ஒரு ரப்பர் குழாய் உண்டு. ஒயர்க் கட்டு அதற்குள்ளேதான் போகிறது. அதன் ஒரு முனையை நெம்பி எடுத்து, கையுறை கழற்றுவது போலப் பின்னுக்கு உருட்டினார். கறுப்பு ஒயர் பார்ப்பதற்கு நன்றாகவே இருந்தது. நகத்தால் பிடித்து லேசாக இழுத்தார். ரப்பர் பேண்டு மாதிரி நீண்டது. மேல்தோல் இருந்தது, உள்ளே செம்பு அறுந்து போயிருந்தது. பிளேடால் கீறியபோது பச்சையாக ஒரு தூள் உதிர்ந்தது.

இந்த இடத்தை நன்னூல் கற்றவர்கள் உடனே கண்டுகொள்வார்கள். வண்டியின் உடல் நிலைமொழி, அது நின்ற இடத்தில் நிற்கும். டிக்கிக் கதவு வருமொழி, மேலே போய்க் கீழே வரும். இரண்டும் புணரும் இடத்தில் தோன்றல், திரிதல், கெடுதல் என விகாரம் மூன்று. எவரோ எப்போதோ சுற்றிய இன்சுலேஷன் டேப் தோன்றல். செம்பு பச்சையானது திரிதல். அறுந்தது கெடுதல். நாளைக்கு மூன்று முறை கதவைத் திறந்தால் 16 ஆண்டில் 17,520 புணர்ச்சி. ஒயர் தாங்குமா? பியூஸையும் மோட்டாரையும் பிடித்துச் சண்டையிட்ட மதங்கள் இரண்டும் சொல்லைப் பார்த்தனவே தவிரச் சந்தியைப் பார்க்கவில்லை.

அண்ணன் அறுந்த இடத்திலேயே ஒட்டவில்லை. "ரப்பருக்குள்ள ஜாயின்ட் வெச்சா ஆறு மாசத்துல திரும்ப வருவீங்க" என்று சொல்லி, புது ஒயர் நீளமாக விட்டு, ஒரு ஜாயின்ட்டைக் கூரைக்குள்ளும் இன்னொன்றைக் கதவுக்குள்ளும் கொண்டுபோய், ஈயம் வைத்து ஸ்லீவ் போட்டார். ஸ்விட்சைப் போட்டேன். வைப்பர் எழுந்தது. காய்ந்த ரப்பர் கிறீச்சிட்டுக்கொண்டு அரைவட்டம் போட்டது.

ஸ்விட்சை அணைத்தேன். நிற்கவில்லை.

அணைத்தவுடன் நின்றுவிட்டால் கை கண்ணாடியின் நடுவிலேயே கிடக்கும். அதனால் மோட்டாருக்குள் ஒரு செம்புத் தகடு இருக்கிறது. கை தன் இடத்துக்குப் போய்ச் சேரும்வரை அது மின்சாரம் கொடுத்துக்கொண்டே இருந்து, அங்கே வந்ததும் துண்டிக்கும். என் மோட்டாரில் பழைய கிரீஸும் கரியும் சேர்ந்து அந்தத் துண்டிப்பை அடைத்திருக்க வேண்டும். 'நில்லாத் துடைப்பான்'. இதுவும் ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சமே. "புதுப்பேட்டையில பழைய மோட்டார் கிடைக்கும் சார், தேடுங்க" என்றார் அண்ணன்.

அன்று பார்த்து மழை விட்டிருந்தது. நல்ல வெயிலில், காய்ந்த கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வீட்டுக்கு ஓட்டினேன். சிக்னலில் ஓர் ஆட்டோக்காரர் பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்து, "சார், பின்னாடி யாருக்கோ டாட்டா காட்டுறீங்க" என்றார். வாசலில் நிறுத்தி, ஸ்டியரிங்குக்குக் கீழே குனிந்து, பியூஸைப் பிடுங்கினேன். நின்றது.

மாமா மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் அன்னைக்கே சொன்னேன்ல, பியூஸ்தான்னு."