ஒயர்கூடை அக்கா

போச்சம்பள்ளியில் காலை ஆறு மணிக்கு ஒரு பெண் சும்மா நடந்து போனால் ஊர் பொறுக்காது. "எங்கக்கா, இந்நேரத்துக்கே?" என்று டீக்கடையிலிருந்தே குரல் வரும். சும்மா நடக்கிறேன் என்றால் தீர்ந்தது. சண்டை புருஷனோடா, மருமகளோடா என்று சாயந்திரத்துக்குள் வீட்டுக்கே வந்து விசாரிப்பார்கள். அதனால் வாக்கிங் அக்கா ஒயர்கூடை இல்லாமல் படியிறங்குவதில்லை. கூடைக்குள் ஒன்றும் இருக்காது. இருந்தாலும் கூடையைப் பார்த்தபிறகு யாரும் வாய் திறப்பதில்லை. இந்த ஏற்பாடெல்லாம் ஆண்களுக்குத் தேவைப்படாது. கையை வீசிக்கொண்டு போவார்கள்.

வயது ஐம்பதைத் தொட்டிருக்கும். புடவை, கொலுசு, அதற்குக் கீழே மகன் போட்டுக் கழித்த ஸ்போர்ட்ஸ் ஷூ. ஒரு நம்பர் பெரிசு. முனையில் பழைய துணி அடைத்திருக்கிறார்.

'மக்களைத் தேடி மருத்துவம்' தன்னார்வலர் வந்து விரலில் குத்திய அன்று பிடித்தது இந்த நடை. அந்தத் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று இதே மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. "நம்ம ஜில்லாவுல மொதல்ல ஆரம்பிச்சாங்க, அதான் சுகரும் நமக்கு மொதல்ல வந்துடுச்சு" என்பது அக்காவின் கணக்கு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மறுபடி பார்த்துவிட்டு, "பார்டர்ல இருக்கு, நடங்க" என்றார்கள். மாநில எல்லையில் அத்திப்பள்ளி செக்போஸ்ட்டில் வண்டிகள் நிற்பதைப் பார்த்த அக்காவுக்கு பார்டர் என்றால் விளக்க வேண்டியதில்லை. நாடு முழுவதும் இப்படி பார்டரில் நிற்பவர்கள் 13.6 கோடி, தாண்டியவர்கள் 10.1 கோடி என்று ஐ.சி.எம்.ஆர். ஆய்வு 2023இல் கணக்குச் சொன்னது. (விரலில் குத்திய தன்னார்வலர் வீடு வீடாக ஒரே நாளில் நடக்கும் தூரத்தை அக்கா ஒரு வாரத்தில்கூட நடந்திருக்க மாட்டார்.)

முதலில் அக்கா மறுத்துத்தான் பார்த்தார். "வாசல் தெளிக்கிறேன், பாத்திரம் தேய்க்கிறேன், மாடிக்கு நாலு வாட்டி ஏறி எறங்குறேன். இதெல்லாம் நடை இல்லையா?" கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரன் குழு பார்டரில் இருந்த 531 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2006இல் வெளிவந்தது. சும்மா விடப்பட்டவர்களில் மூன்று ஆண்டுகளில் நூற்றுக்கு 55 பேருக்குச் சர்க்கரை வந்தது. சாப்பாட்டைத் திருத்தி, தினம் அரை மணி நேரம் வேகமாக நடந்தவர்களில் 39 பேருக்கு. ஏற்கெனவே உடம்பு வளைந்து உழைத்தவர்களை அதையே தொடரச் சொன்னார்கள். ஆக, களை வெட்டி, கேவுரு அரைத்து, கிணற்றில் நீர் சேந்திய அக்காவின் அம்மா இந்த வாதத்தைச் சொல்லியிருந்தால் டாக்டர் தலையாட்டியிருப்பார். மிக்ஸியும் கிரைண்டரும் கேஸும் வைத்திருக்கும் அக்கா சொன்னால் எடுபடாது.

2023 நவம்பரில் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று மாவட்டத்துக்கு ஒரு 8 கி.மீ. பாதை அறிவித்தார்கள். நடப்பதற்கு பஸ் ஏறிப் போவதா என்று அக்கா அதை விட்டுவிட்டார். தன் தெருவிலேயே ஐந்து பேரைச் சேர்த்தார். சேர்ந்ததும் வேகம் பாதியானது. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. வேகநடைக்கு அதுதான் அளவு. இந்தக் குழுவால் பேசவும் முடியும், பாடவும் முடியும், வழியில் கீரைக்காரரிடம் பேரமும் பேச முடியும். முடிவில் டீ, "சக்கரை கம்மியா". கூடவே போண்டா. மாம்பழ சீசனில் இன்னும் மோசம். செந்தூராவை அறுத்து வைத்துக்கொண்டு, "நடந்துட்டோம்ல?" என்பார்கள்.

உண்மையான நடை ஞாயிற்றுக்கிழமைதான். சந்தையில் ஆடு, கோழி, காய்கறி என்று இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் விலை விசாரித்தே அக்கா இரண்டு மணி நேரம் நடந்துவிடுவார். அதை அவர் வாக்கிங் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

அக்காவின் இப்போதைய குறி மருமகள். சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஷிப்ட். கர்ப்பத்தில் 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தபோது சர்க்கரை 140ஐத் தாண்டியிருந்தது. பிரசவத்தோடு இறங்கிவிட்டது, வீடும் மறந்துவிட்டது. ஆனால் அப்படி வந்துபோன பெண்களுக்குப் பின்னாளில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய பத்து மடங்கு. "எட்டு மணி நேரம் நின்னுட்டு வர்றேன் அத்தை, மறுபடி நடக்கணுமா?" என்கிறாள் மருமகள். நிற்பது வேறு, நடப்பது வேறு. ஓடியாடும் தசைதான் இன்சுலினை அதிகம் எதிர்பார்க்காமல் ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். லைனில் நிற்கும் காலுக்கு வலிதான் மிச்சம்.

கடைசியில் சமாதானம் ஏற்பட்டது. கம்பெனி வேன் வீட்டு வாசலில் இறக்கிவிடாமல் ஒரு கிலோமீட்டர் முன்னால், பஸ் ஸ்டாண்டிலேயே இறக்கிவிடட்டும். அத்தையும் மருமகளும் ஒத்துக்கொண்டார்கள். டிரைவர் ஒத்துக்கொள்ளவில்லை. "எறங்குற எடத்தை மாத்தணும்னா ஹெச்.ஆர்.ல எழுதிக் குடுங்கம்மா. காரணமும் எழுதணும்."