பொட்டல புராணம்

குளூட்டன் என்னும் கோதுமைப் புரதம் தன் பாலகனுக்கு ஒவ்வாது என்று வைத்தியர் விதித்துவிட்ட நாள் முதலாக, நொடியில் ஆயத்தமாகும் பொட்டல ஆகாரத்தைத் தேடி, நெய்யாற்றின்கரைக் கடைவீதியிலும் களியக்காவிளைச் சந்தையிலும் பிரதக்ஷிணம் செய்துவரும் பாறசாலைத் தகப்பனாரைக் காணும்போது, வழிநெடுக ஆவி கக்கும் புட்டுக்குழல்கள் அவரைப் பரிகசிப்பதாகவே எனக்குத் தோன்றும். 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா சிரத்தையோடு பரப்பிய மரச்சீனிக் கிழங்கு கொல்லைப்புறத்தில் விளைந்து கிடக்க, அதே கிழங்கின் மாவும் அரிசி மாவும் கலந்து, பளபளப்பான உறையில் பட்டணத்திலிருந்து வந்திறங்கும் வஸ்துவைப் பன்மடங்கு விலைக்கு வாங்குவதே நாகரிகமாகிவிட்டது!

ஆயினும் அவரை முற்றிலும் நகைப்பதும் நியாயமன்று. குளூட்டன் அற்றது என்று விற்கும் பண்டத்தில் கிலோவுக்கு இருபது மில்லிகிராமுக்கு மேல் அது கூடாதென்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. பொறோட்டா புரண்ட கல்லிலேயே தோசை வார்க்கும் ஹோட்டல்காரருக்கோ மில்லிகிராமாவது, மண்ணாங்கட்டியாவது! தகப்பனாரும் லேசுப்பட்டவரல்லர், உறையில் அச்சான பொடியெழுத்து முழுவதையும் கண்ணாடி மாட்டிக்கொண்டு வேதபாராயணம்போல் வாசித்த பிறகே காசை எடுப்பார். இத்தனை பந்தோபஸ்துக்குப் பிறகும் பிள்ளையின் வயிறு உப்பியதன் காரணத்தை ஆராய்ந்தபோது, பாட்டியம்மாள் பரிவோடு வைத்த சாம்பாரில் மணத்த கூட்டுப் பெருங்காயத்தில் பாதிக்குமேல் கோதுமை மாவு என்பது வெளிப்பட்டது. அந்த டப்பாவின் எழுத்தை மட்டும், முப்பது வருஷமாய் அடுப்பங்கரையில் இருக்கிறதே என்று, ஒருவரும் வாசிக்கவில்லை.