இரண்டு டெராபைட்டும் ஒரு சுவிட்சும்

வீட்டுக்குள் அலுவலகம் நடத்தும் குடும்பங்களில் ‘பொது ஃபோல்டர்’ தோன்றி, தழைத்து, சீரழியும் வரலாற்றை அறிஞர் உலகம் இன்னும் கண்டுகொள்ளவில்லை. அக்குறையை நீக்கவே இக்கட்டுரை. ஆய்வுக்களம் எங்கள் ஹால். ஆய்வுப்பொருள், டிவி ஸ்டாண்டின் கீழ்த்தட்டில் ரவுட்டருக்குப் பக்கத்தில் இரண்டு ஹார்ட் டிஸ்குகளோடு உறுமிக்கொண்டிருக்கும் கறுப்புப் பெட்டி.

முதலில் சொல்லாராய்ச்சி. பெட்டியிலுள்ள கோப்புகளை வீட்டுக் கணினிகளுக்கெல்லாம் பரிமாறும் மென்பொருளின் பெயர் சம்பா. தஞ்சைக்காரர் நெல் என்பர், பிரேசில்காரர் நடனம் என்பர். இரண்டும் பிழை. கோப்புப் பகிர்வு நெறிமுறையான எஸ்எம்பி-யின் எஸ், எம், பி என்ற எழுத்துகள் அதே வரிசையில் வரும் சொல்லைத் தேடி, ஆஸ்திரேலியாவின் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் அகராதியிலிருந்து பொறுக்கியது அது. அடுத்தது ‘ரெய்டு’. பெர்க்லி பல்கலைக்கழகத்தார் மூவர் 1988-இல் எழுதிய கட்டுரையால் பரவிய சொல். வீட்டில் ரெய்டு போட்டிருக்கிறேன் என்றதும் எதிர்வீட்டுக்காரர் முகம் வெளிறியது தனி ஆய்வுக்குரியது. ஒரு டிஸ்கில் எழுதுவதை அப்படியே மற்றதிலும் எழுதுவது இதன் முதல் வகை. இதையே பேக்கப் என்று நம்புவோர் தனிச் சமயத்தினர். அழித்த கோப்பு இரண்டிலும் ஒரே நொடியில் அழிவதைக் கண்ணால் காணும்வரை மதம் மாறார்.

ஆகவேதான் 3-2-1 சூத்திரம்: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வீட்டுக்கு வெளியே. சுவடிகள் பல ஊர்களில் சிதறிக் கிடந்ததால்தான் உ.வே.சா. ஒப்புநோக்கி 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க முடிந்தது. நம் காலத்தில் பெருகியது பாடபேதம் மட்டுமே. ‘கொட்டேஷன் ஃபைனல்’, ‘ஃபைனல் புதுசு’, ‘இதுதான் ஃபைனல்’ ஆகியவற்றுள் மூலபாடம் எது என்பதில் எனக்கும் என் மனைவிக்கும் இன்றுவரை உடன்பாடில்லை.

தினமும் இரவு 2 மணிக்குப் பேக்கப் தானாக ஓடும்படி அமைத்தேன். நான்கு மாதம் கழித்து ஜிஎஸ்டி கோப்பு ஒன்று காணாமல்போக, பேக்கப்பைத் திறந்தால் இருந்தது ஒரே பிரதி. அமைத்த அன்று கையால் ஓட்டிப் பார்த்தது. லாகைப் புரட்டினேன். இரவு பத்தேகாலுக்குப் பெட்டி உயிர்விட்டு, காலை ஆறுக்கு எழுந்திருக்கிறது. தவறாமல், எல்லா நாளும்.

“ராத்திரி நாமளே தூங்குறோம். அதுக்கு மட்டும் எதுக்குடா கரண்டு?” என்றார் அம்மா.

‘தானாக’ என்பதற்கு ‘அம்மா அணைக்காத வரை’ என்று அகராதிகள் பொருள் சேர்க்க வேண்டும். யுபிஎஸ் வாங்கி வைத்தேன். அது பீப் பீப் என்று கத்த, அதையும் சேர்த்து அணைத்தார். சுவிட்சுக்கு மேல் ‘அணைக்காதே’ என்று எழுதி ஒட்டினேன்; பெரியவர்களுக்கு எழுதும் லட்சணமா இது என்று ஏச்சு விழுந்தது.

ஆயுத பூஜை வந்தது. தையல் மிஷின், ஸ்கூட்டர் வரிசையில் பெட்டியையும் துடைத்து வைத்தேன். அம்மாவே சந்தனம் குழைத்துக் குங்குமம் இட்டார். அன்றிரவு பூஜைக்காக அதற்கு ஓய்வு. பொட்டு வைத்த பெட்டியை அதன்பின் அவர் அணைக்கவில்லை. இன்று 41 பிரதிகள் இருக்கின்றன. ஒன்றைத் திறந்து பார்த்தேன், திறந்தது.