பெயில் எந்த ஊர்?

ராஜபாளையத்தில் ‘பெயில்’ என்றால் பஞ்சுப் பொதி. பக்கத்திலேயே, ஸ்ரீவில்லிபுத்தூரில் ‘பெயில்’ என்றால் ஜாமீன். மாவட்ட நீதிமன்றம் அங்கேதான் இருக்கிறது. இரண்டு ஊர்ப் பள்ளிக்கூட வாசலிலும் ‘பெயில்’ என்றால், பையன் கணக்கில் கோட்டைவிட்டுவிட்டான். பேச்சில் மூன்றையும் குழப்பமில்லாமல் சமாளிக்கிற நாங்கள், இங்கிலீஷில் எழுத உட்காரும்போதுதான் மாட்டிக்கொள்கிறோம்.

எங்கள் தெருவில் இங்கிலீஷ் கடிதம் எழுதினால் என்னிடம் காட்டிவிட்டுத்தான் அனுப்புவார்கள். மில் கணக்கர் அண்ணாச்சி ஒருவர், லாரி ஆபீசில் தேங்கிக் கிடந்த பொதிகளை அனுப்பச் சொல்லி எழுதிக்கொண்டு வந்தார். இலக்கணம் சுத்தம். ஆனால் பொதியின் கடைசியில் நிற்கவேண்டிய ‘ஈ’யைக் காணோம், நடுவில் ஓர் ‘ஐ’ புகுந்திருந்தது. நாற்பது ஜாமீன்களை உடனே லாரியில் ஏற்றும்படி ஆகிவிட்டது.

“அண்ணாச்சி, இது வக்கீலுக்குப் போகவேண்டிய கடிதம்.”

“சத்தம் ஒண்ணுதானே சார்?”

“சத்தம் ஒண்ணு, எடை வேற. பொதி 170 கிலோ. ஜாமீனை எந்தத் தராசுல வைப்பீங்க?”

“கோர்ட்டுக்கு நடந்து பாருங்க சார். அதுவும் கனம்தான்.”

வெள்ளைக்காரருக்கே இப்படிப்பட்ட ஜோடிகள் தொல்லைதான். நமக்கு உபரித் தொல்லை ஒன்று உண்டு. ஒரே ‘க’வை வைத்து இரண்டு ஒலிகளைச் சமாளிப்பதால், அவர்கள் காதில் வேறாக விழும் சொற்களும் நம் வாயில் ஒன்றாகிவிடுகின்றன. சத்திரப்பட்டியில் ஆஸ்பத்திரிகளுக்கான பேண்டேஜும் காஸ் துணியும் தயாராகின்றன. அந்தக் ‘காஸ்’ ‘ஜி’யில் தொடங்கவேண்டும். ‘சி’யில் தொடங்கினால், ‘ஆஸ்பத்திரிகளுக்குக் காரணத்தை சப்ளை செய்கிறோம்’ என்று ஆகிவிடும்.

சாயப்பட்டறை போர்டு இன்னும் விபரீதம். பிணத்தில்தான் ஈ மொய்க்கும் என்று நினைப்போம். இங்கிலீஷில் ஈ மொய்ப்பது சாயத்தில். ‘டையிங்’ நடுவே அந்த ‘ஈ’யை விட்டுவிட்டால், பட்டறை முழுக்கச் செத்துக்கொண்டிருப்பதாக அர்த்தம்.

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனாலும் அதை ‘டெசர்ட்’ என்று எழுதுகிறவர் ஒரு ‘எஸ்’ஸோடு நிறுத்திக்கொண்டால், கிண்ணத்தில் இருப்பது பாலைவனம். இனிப்புக்கு ‘எஸ்’ இரண்டு. பால்கோவா விஷயத்தில் ஒன்றோடு நிறுத்துகிறவர் யார்?

ஸ்ரீவில்லிபுத்தூர்க் காட்டில் 1988-ல் சாம்பல் நிற அணிலுக்காகச் சரணாலயம் அமைத்தார்கள். அதன் இங்கிலீஷ் பெயரில் உள்ள ‘கிரிசில்டு’, நரையோடியதைக் குறிக்கும். ‘கிரிஸ்லி’ என்று வாலை மாற்றினால் வட அமெரிக்கக் கரடி வந்துவிடும். சிரிக்கவேண்டாம். அதே காடு மேகமலையோடு சேர்ந்து 2021-ல் புலிகள் காப்பகம் ஆனது. அதைப் ‘புளிகள் காப்பகம்’ என்று எழுதி, ரசத்துக்குப் பாதுகாப்புக் கொடுக்கிறவர்கள் நம்மிலேயே இருக்கிறார்கள்.

கம்ப்யூட்டரை மட்டும் நம்பிப் பயனில்லை. ஜாமீனும் சரியான சொல், பொதியும் சரியான சொல். அது எதற்கென்று சிவப்புக் கோடு போடும்? வாய்விட்டுப் படித்தும் பயனில்லை. காதுக்கு இரண்டும் ஒன்றுதான். பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யாமல், ஒவ்வொரு எழுத்துக்கூட்டலையும் மில், கோர்ட்டு, மிட்டாய்க்கடை என்று ஓர் இடத்தில் குடிவைத்துவிடுங்கள். கடிதத்தை அனுப்புமுன், எழுதியது எந்த இடத்துச் சொல் என்று ஒருமுறை கண்ணால் பாருங்கள். லாரி ஆபீசில் ஜாமீன் தரமாட்டார்கள்.