செத்துச் செத்துப் பிழைக்கும் போன்

கேள்வி: என் போன் நாளுக்குப் பத்துத் தரம் தானாக நின்று, திரும்ப உயிர் பெறுகிறது. கோணேசருக்கு நேர்த்தி வைக்கவா, புதுப் போன் வாங்கவா?
– வள்ளக்காரர் ஒருவர், திருகோணமலை

பதில்: இரண்டுக்கும் அவசரப்படாதீர்கள், தம்பி. முதலில் கவரைக் கழற்றுங்கள். அது பவர் பட்டனை அமத்திக்கொண்டிருந்தால், போனின் கழுத்தை நெரிப்பது நீங்கள்தான். பிறகு சேஃப் மோடில் ஓட விடுங்கள். அதில் ஒழுங்காக நின்றால், குற்றவாளி நீங்கள் இறக்கிய ஏதோ ஒரு ஆப்.

படம் எடுக்கும்போது மட்டும் சாகிறதா? பற்றரிக்கு வயதாகியிருக்கும். திடீரென்று கூடுதல் மின்சாரம் கேட்டால் கிழட்டுப் பற்றரி தள்ளாடும். அதற்காகவே பழைய ஐபோன்களின் வேகத்தைக் குறைத்ததாக 2017இல் ஆப்பிளே ஒப்புக்கொண்டது.

வள்ளத்தில் வெயிலில் வைத்தால் போனும் கன்னியா வெந்நீர்க் கிணறுதான். அங்கே ஏழு, உங்களிடம் எட்டாவது. சார்ஜ் துவாரத்தில் பச்சை படிந்திருந்தால் உப்புத் தண்ணீர் உள்ளே போயிருக்கும். அரிசிக்குள் புதைத்தால் உப்புப் போகாது, சோறுதான் கெடும். பின்மூடி வீங்கியிருந்தால் சார்ஜ் போடாமல் திருத்துபவரிடம் கொடுங்கள். குத்திப் பார்க்க அது பலூன் அல்ல.

எல்லாவற்றுக்கும் முன், படங்களையும் நம்பர்களையும் இன்றிரவே வேறிடத்தில் சேமியுங்கள். அடுத்த தரம் அது எழும்பாமலே போகலாம்.