ஏரிக்கு மொட்டை போடுவது தொடர்பாக

அனுப்புநர்: முருகன் அடியான், மலையடிவாரம், திருத்தணி.
பெறுநர்: தமிழ்நாடு நில ஒருங்கிணைப்பு (சிறப்புத் திட்டங்கள்) சட்டம், 2023-இன்படி அமையும் நிபுணர் குழுவினர்.
பொருள்: ஏரிக்கு ஏரி மாற்றல் – பாராட்டு தெரிவித்தல் தொடர்பாக.

ஐயா, அம்மா,

100 ஹெக்டேருக்குக் குறையாத திட்டமென்றால், குறுக்கே கிடக்கும் ஏரி, ஓடை, வாய்க்காலை அரசு திட்டக்காரரிடம் விட்டுவிட்டு மாற்று நிலம் வாங்கிக்கொள்ளலாமாம். பழைய சட்டியைப் போட்டுப் புதுச் சட்டி வாங்குகிற மாதிரி. இந்த யோசனை உதித்த தலைக்கு மலையில் சந்தனம் பூசலாம்.

நிலம் மாற்றுவது எங்களுக்கும் பழக்கம்தான். சித்தூர் மாவட்டத்தில் இருந்த எங்கள் தாலுகா, எல்லை நடுவர் படாஸ்கரின் பரிந்துரைப்படி 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்துக்கு வந்தது. பதிலுக்குச் சத்தியவேடு பக்கம் ஆந்திராவுக்குப் போனது. ம.பொ.சி. அத்தனை பாடுபட்ட விவகாரம். ஆனாலும் அன்று நகர்ந்தது வரைபடத்துக் கோடு மட்டும். எந்த ஏரியின் மதகையும் யாரும் லாரியில் ஏற்றவில்லை.

ஏரியையே மாற்றிவிடலாம் என்ற உங்கள் நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று யோசித்தேன். மொட்டை மண்டபத்திலிருந்துதான் வந்திருக்கும். டோக்கனைக் கொடுத்து, தலையை நனைத்து, பிளேடை மாற்றச் சொல்லி உட்கார்ந்தால் ஐந்து நிமிட வேலை. நாலு மாதத்தில் முடி வந்துவிடும். ஏரி அப்படி வராது. 621 ஈரநிலங்களின் கணக்கை அலசிய 2012-ஆம் ஆண்டு ஆய்வொன்று, சீரமைத்து நூறு வருஷம் போனாலும் அங்குள்ள உயிர்க்கூட்டம் இயற்கையான ஈரநிலத்தைவிடச் சராசரியாக 26 விழுக்காடு குறைவாகவே இருக்கிறது என்கிறது. நூறு வருஷம் கழித்து கால்பங்கு வழுக்கை!

குழியை யாரும் வெட்டலாம். மேல் ஏரி நிரம்பி, கலங்கல் வழிந்து, அந்தத் தண்ணீர் கீழ் ஏரியைத் தேடி ஓடுகிற சரிவை எந்த ஜேசிபி வெட்டும்? பரந்தூரில் விமான நிலையத்துக்குக் குறித்த இடத்துக்குள் கம்பன் கால்வாய் ஓடுகிறது. அங்குள்ள ஏகனாபுரத்துக்காரர்கள் 2022-லிருந்து இதைத்தான் கத்திக்கொண்டிருக்கிறார்கள்.

இன்னொரு சாமர்த்தியத்தையும் சொல்லியாக வேண்டும். மத்திய அரசின் 2017 ஈரநில விதிகளில், பாசனத்துக்கென்று மனிதர் கட்டியது ஈரநிலமே அல்ல. வேடந்தாங்கல் பாசன ஏரிதான். ஆனாலும் 2022-இல் ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் ஏறிவிட்டது. விதியைப் படிக்காத நாரைகளின் வேலை.

ஆகவே ஒரு விண்ணப்பம். புது ஏரியை முதலில் வெட்டுங்கள். இரண்டு ஐப்பசி, இரண்டு கார்த்திகை போகட்டும். கலங்கல் வழிந்து, கடைமடை வயல் வரை தண்ணீர் பாய்ந்தபின் வந்து அளந்து பாருங்கள். அதுவரை பழைய ஏரிக் கரைமேல் ஒரு வண்டியும் ஏற வேண்டாம்.

இப்படிக்கு,
முடி காணிக்கை தந்தவன்